வர்த்தக நிரலில் புதிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சைச் சேர்ப்பது எப்படி?

ராஜபாளையத்து நூற்பாலை பஞ்சு வாங்குவது கண்டிக் கணக்கில். ஒரு கண்டி ஏறத்தாழ 356 கிலோ. அதே ஆலை நூல் விற்பது கிலோ கணக்கில். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் லாபமா நட்டமா என்று தெரியும். தானாக வாங்கி விற்கும் கிரிப்டோ நிரலில் புதிய எக்ஸ்சேஞ்சைச் சேர்ப்பதும் இதே வேலைதான். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் வைத்திருக்கும் பெயர், அளவு, விதி எல்லாவற்றையும் நிரலுக்குப் புரியும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலோ, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ பைத்தான் படித்தவருக்கு இது எட்டாத வேலை அல்ல. எந்த இடத்தில் பணம் கரையும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எழுதுமுன் பாருங்கள்

ஃப்ரீக்ட்ரேட் போன்ற இலவச நிரல்கள் சிசிஎக்ஸ்டி என்ற திறந்தமூல நூலகத்தின் வழியாகத்தான் எக்ஸ்சேஞ்சுகளோடு பேசுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட எக்ஸ்சேஞ்சுகள் அதில் உண்டு. உங்களுடையதும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஐந்து வேலைகளுக்கு நீங்களே இணைப்பு எழுத வேண்டும்: விலை வாங்குவது, இருப்பைப் பார்ப்பது, ஆர்டர் போடுவது, ரத்து செய்வது, போட்ட ஆர்டரின் நிலையைக் கேட்பது.

விலையை யாரும் கேட்கலாம். மற்ற நான்குக்கும் எக்ஸ்சேஞ்ச் தரும் ஏபிஐ சாவியும் ரகசியச் சாவியும் தேவை. ரகசியச் சாவியை எங்கும் அனுப்புவதில்லை; அதைக் கொண்டு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கையொப்பம் கணக்கிட்டு, அதைத்தான் அனுப்புகிறோம். கோரிக்கையில் நேரமும் சேரும். உங்கள் கணினிக் கடிகாரம் பிசகியிருந்தால் கையொப்பம் சரியாக இருந்தும் கோரிக்கை தள்ளுபடியாகலாம்.

பெயரும் அளவும்

ரூபாய் கொடுத்து பிட்காயின் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சிசிஎக்ஸ்டி கணக்கில் ‘பேஸ்’ என்பது பிட்காயின். காயின்டிசிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் தரும் சந்தைப் பட்டியலில் ‘பேஸ்’ என்பது ரூபாய். பிட்காயினுக்கு அங்கே ‘டார்கெட்’ என்று பெயர். இதைக் கவனிக்காமல் எழுதினால் விலைக்குரிய தசமத்தை அளவுக்கும், அளவுக்குரியதை விலைக்கும் நிரல் போட்டுவிடும்.

குறைந்தபட்ச அளவு, குறைந்தபட்சத் தொகை, எத்தனை தசம இடம் என்பதெல்லாம் அதே பட்டியலில் உண்டு. இவற்றை நிரலுக்குள் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் இவற்றை மாற்றக்கூடும்; அதனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாகப் படிக்கச் செய்யுங்கள்.

பதில் வராதபோது

ஆர்டர் அனுப்பிய நொடியில் மின்சாரமோ இணையமோ போய்விட்டது. ஆர்டர் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? ‘பதில் இல்லை, மறுபடி அனுப்பு’ என்று எழுதினால் ஒரே சரக்கை இரண்டு முறை வாங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்கள் பக்கத்திலிருந்தே ஓர் அடையாள எண் கொடுங்கள். இணைப்பு திரும்பியதும் அந்த எண்ணைச் சொல்லி நிலையைக் கேளுங்கள். இல்லை என்று உறுதியான பிறகே மறுபடி அனுப்புங்கள். முழு இணைப்பிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

வரியும் நிரலுக்குள் வரட்டும்

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதைச் சரிக்கட்டலாம். அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. ஒரு லட்சம் ரூபாயை முழுதாக 100 முறை விற்று வாங்கினால், விலை மாறாமலே இருந்தாலும், கையில் சுழலும் முதல் ஏறக்குறைய 36,600 ரூபாய்தான். வெளிநாட்டாருக்காக எழுதப்பட்ட நிரல்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எந்த எக்ஸ்சேஞ்ச்?

இந்தியாவின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். பதிவு செய்யாத 9 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. தொடர்ந்து அவற்றின் இணையதளங்கள் இங்கே முடக்கப்பட்டன. பதிவு மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் நிறுவனத்தில் 23 கோடி டாலருக்கும் மேல் திருடப்பட்டு, வர்த்தகம் ஓராண்டுக்கும் மேலாக நின்றது. நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூட்டிய எக்ஸ்சேஞ்சிலிருந்து பணத்தை எடுக்காது. எனவே வர்த்தகத்துக்குத் தேவையானதற்கு மேல் அங்கே வைக்காதீர்கள். சாவிக்குப் பணம் எடுக்கும் உரிமை தராதீர்கள். உங்கள் ஐபி முகவரியிலிருந்து மட்டும் அது வேலை செய்யும்படி கட்டுப்படுத்துங்கள்.

சோதிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பார்க்க மட்டுமே உரிமையுள்ள சாவி. அடுத்து எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகச் சிறிய ஆர்டர். பிறகு உங்கள் நிரலின் கணக்கையும் எக்ஸ்சேஞ்சின் கணக்கையும் கட்டணம், டிடிஎஸ் உட்படப் பைசா சுத்தமாக ஒத்துப்பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வர்த்தக முறையைப் பழைய விலைகளில் வரியோடு ஓட்டிப் பாருங்கள். அதிலேயே நட்டம் வந்தால் இணைப்பை எழுதத் தொடங்கவே வேண்டாம்.