கண்காட்சி கட்டுமா? கணக்குப் பார்ப்போம், தோழர்களே!

ஒரகடம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். தேநீர் வந்தது, பேச்சு வளர்ந்தது. புறப்படும்போது, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தில்லியில் பெரிய மோட்டார் கண்காட்சி நடத்துகிறார்களே, அடுத்த முறை நடக்கும்போது ஒரு தடவை போய் வர ஆசை. சீட்டு எடுத்த பணம் எட்டாயிரம் கையில் இருக்கிறது. வீட்டில் சண்டை. 'வண்டி வாங்கவா போகிறீர்கள்?' என்கிறாள். இல்லை என்றால், 'பின்னே எதற்கு? ஜூன் மாதம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டாமா?' என்கிறாள். செலவுக்குக் கட்டுமா, கட்டாதா? நீங்களே சொல்லுங்கள் அண்ணே."

கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரவில்லை. "வேடிக்கை பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டரா?" என்று தட்டிக் கழிக்கவும் மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தோழர் கூடவே இன்னொன்றும் சொன்னார்: "மூன்று வருஷமாகச் சட்டத்துக்குப் பற்றவைப்பு வைக்கிறேன். என் கையில் போன சட்டம் முழு வண்டியாகி விளக்கு வெளிச்சத்தில் நிற்பதை ஒரு நாள் பார்க்க வேண்டும்."

பற்றவைப்பவனுக்குச் சட்டம் மட்டுமே தெரியும். கடைசல் பிடிப்பவனுக்குத் தண்டு மட்டுமே தெரியும். வண்ணம் அடிப்பவனுக்குத் தொட்டி மட்டுமே தெரியும். முழு வண்டியைப் பார்ப்பவன் யார்? மேடை போட்டு விற்கிறவனும், காசு கொடுத்து வாங்குகிறவனும்! ஆகவே அந்த ஆசை நியாயமான ஆசை. ஆனால் நியாயமான ஆசைக்கும் விலை உண்டல்லவா? அந்த விலையைத்தான் இன்று எடை போட்டுப் பார்க்கப் போகிறோம்.

சந்தைக்கு வைத்த பெயர்

கண்காட்சி என்பது என்ன? கண்ணுக்குக் காட்சி என்பது பெயர். உள்ளே நடப்பது வாணிபம்.

ஆட்டோ எக்ஸ்போ என்னும் அந்த விழா 1986-இல் தில்லி பிரகதி மைதானத்தில் தொடங்கியது. இடம் போதாமல் 2014-இல் வண்டிகளின் காட்சி கிரேட்டர் நொய்டாவுக்குப் போயிற்று. 2025 ஜனவரியில் 'பாரத் மொபிலிட்டி' என்னும் பெரிய குடையின் கீழ் மீண்டும் தில்லி நகருக்குள், பழைய பிரகதி மைதானத்தில் எழுந்த பாரத் மண்டபத்துக்கே திரும்பி வந்தது.

இவ்வளவு பெரிய பந்தல் எதற்கு? 2024-25 நிதியாண்டில் இந்த நாட்டுக்குள் விற்ற இருசக்கர வண்டிகள் ஏறத்தாழ 1 கோடியே 96 இலட்சம்! இத்தனை வண்டி ஓடும் நாட்டில், விற்கிறவர்கள் பந்தல் போடாமல் வேறு யார் போடுவார்கள்? போடட்டும், அது அவர்கள் தொழில். அந்தப் பந்தலுக்குள் நாம் எதற்காக நுழைகிறோம் என்பதுதான் நம் கேள்வி.

பொங்கல் நாளில் ஒரு பாடம்

2023-ஆம் ஆண்டுக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். பத்திரிகைக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் ஒதுக்கிய நாள்கள் போக, பொதுமக்களுக்கு ஜனவரி 14 முதல் 18 வரை. தமிழனுக்கு அந்த நாள்கள் எந்த நாள்கள்? போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல்! ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போய்த் தாய் தந்தையர் முகம் பார்க்கும் நாளில், கிரேட்டர் நொய்டாக் குளிரில் வரிசையில் நிற்க வேண்டும்.

நுழைவுச் சீட்டு, வணிகர் நாளான 13-ஆம் தேதிக்கு 750 ரூபாய். 14, 15 தேதிகளுக்கு 475. மற்ற நாள்களுக்கு 350. சரி, கொடுத்து உள்ளே போனவன் கண்டது என்ன? மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனவனுக்கு மோட்டார் சைக்கிளே குறைவு! டி.வி.எஸ்., ராயல் என்ஃபீல்டு, பஜாஜ், ஹீரோ ஆகிய பெரிய நிறுவனங்கள் எதுவும் வழக்கம்போல் பெரிய கூடம் போடவில்லை. எத்தனால் எரிபொருளுக்கான தனிப் பகுதியில் சில வண்டிகள் நின்றன, அவ்வளவுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, தோழர்களே! கோடி கோடியாய்ப் புரட்டுகிற நிறுவனமே கூடம் போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. ஒரு முறை வருகிறது. ஒரு முறை வராமல் நின்றுகொள்கிறது. அவர்களை யாரும் 'கஞ்சன்' என்று சொல்வதில்லை. 'வணிகத் திறன்' என்கிறார்கள். எட்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, தொழிலாளி மனைவி கணக்குக் கேட்டால் மட்டும் அது சண்டையா? அந்த வீட்டில் திறமையான நிதி அமைச்சர் அந்த அம்மையார்தான்!

இதோ கணக்கு

சென்னையிலிருந்து தில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் ஓர் இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு. ஞாயிறு இரவு புறப்பட்டால் செவ்வாய் காலை தில்லி. செவ்வாயும் புதனும் பார்த்துவிட்டுப் புதன் இரவு ஏறினால், வெள்ளி காலை சென்னை. குளிர்கால மூடுபனியில் வண்டி தாமதமானால் அது தனிக் கணக்கு.

படுக்கை வசதிப் பெட்டியில் போகவர 1,650 ரூபாய் என்று வைப்போம்.
ஐந்து நாள் சாப்பாடு, நாளுக்கு 300 வீதம், 1,500.
ஓர் இரவு தங்க 1,000.
உள்ளூர் மெட்ரோ, பேருந்து 400.
நுழைவு, 2023-இன் குறைந்த விலையில், 350.
திங்கள் முதல் வெள்ளி வரை போன கூலி, நாளுக்கு 600 வீதம், 3,000.

ஆக மொத்தம் 7,900 ரூபாய்.

இதில் எது பெரிது, எது சிறிது என்று பாருங்கள். 2025-இல் பதிவு செய்தவர்களுக்கு நுழைவு இலவசம் என்றார்கள். இலவசமானால் மிச்சம் எவ்வளவு? 350! மீதி 7,550 அப்படியே நிற்கிறது. தொழிலாளிக்குக் கண்காட்சியின் விலை வாசலில் வாங்கும் சீட்டில் இல்லை. தூரத்திலும் போன கூலியிலும் இருக்கிறது. தில்லிக்காரனுக்கு மெட்ரோவில் போய்வரும் அரை நாள். நமக்கு ஐந்து நாள்! 'இலவசம்' என்னும் எழுத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

வாங்கப் போகிறவர் போகவேண்டாம்

இனி, யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது?

வண்டி வாங்க நினைப்பவருக்குக் கட்டவே கட்டாது. ஏன்? மேடையில் நிற்கும் வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாது; நம் ஊர் விற்பனைக் கடையில் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். மேடையில் காட்டியது எப்படியும் கடைக்கு வரப்போகிறது. ராயல் என்ஃபீல்டின் 650 சி.சி. இரட்டை வண்டிகளை, இன்டர்செப்டரையும் கான்டினென்டல் ஜி.டி.யையும், 2017 நவம்பரில் இத்தாலி நாட்டு மிலான் நகரக் கண்காட்சியில்தான் முதலில் திரை விலக்கிக் காட்டினார்கள். சென்னைத் தொழிலாளி செய்த வண்டிக்கு மிலானில் மேடை! 2018 நவம்பரில் அதே வண்டி அண்ணா சாலைக்கு வந்துவிட்டது. ஓராண்டு பொறுத்தவனுக்கு மிலான் செலவு மிச்சம். ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2016 கண்காட்சியில் 'அகூலா 310' என்று காட்டிய வண்டி, 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வராமலே போவதும் உண்டு. அதே நிறுவனம் 2018-இல் 'செப்பலின்' என்று ஒரு வண்டியைக் காட்டியது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஏழாண்டு கடந்து 2025-லும் அது அந்த உருவில் கடைக்கு வரவில்லை. மேடை வண்டியை நம்பிப் பணம் சேர்த்தவன் பாடு என்ன?

விலை குறைவதும் கண்காட்சியால் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு ஒரு இலட்சம் விற்ற வண்டியில் ஏறத்தாழ 7,800 ரூபாய் இறங்க வேண்டும். மேலே போட்ட தில்லிக் கணக்கு எவ்வளவு? 7,900! வரியில் மிச்சம் பிடித்ததை வழியில் விட்டுவிட்டு வருவதா?

பட்டறைத் தோழருக்கு வேறு கணக்கு

ஆனால் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தோழரின் நிலை வேறு. அவர் பிழைப்பே மாறிக்கொண்டிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிக்கெல்லாம் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி. கார்புரேட்டர் போய் எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டர் வந்தது. இருபது ஆண்டு காதால் கேட்டே கார்புரேட்டரைச் சரிசெய்த விரல், இன்று கணினிக் கருவியை நாட வேண்டியிருக்கிறது. அடுத்து பேட்டரி வண்டி. அதற்கடுத்து வாயு வண்டி. பஜாஜ் 2024 ஜூலையில் சி.என்.ஜி.யில் ஓடும் 'ஃப்ரீடம் 125' வண்டியை விற்பனைக்கே கொண்டுவந்தது. 2025 தில்லிக் கண்காட்சியில் டி.வி.எஸ்., இருக்கைக்கு அடியில் வாயுச் சிலிண்டர் வைத்த ஜூப்பிட்டர் ஸ்கூட்டர் மாதிரியைக் காட்டியது.

நாளை தன் பட்டறை வாசலில் வந்து நிற்கப்போகும் வண்டியை இன்றே பார்ப்பவனுக்கு அந்தச் செலவு விதை நெல். ஆனால் அவரும் போகும் வாசலை அறிந்து போக வேண்டும். விளக்குகளும் பாட்டும் ஆட்டமும் உள்ள வண்டிக் கூடம் ஒன்று. உறுப்புகள், கருவிகள், இயந்திரங்களுக்கான கூடம் மற்றொன்று. 2025-இல் அந்த உறுப்புக் கண்காட்சி துவாரகையில் உள்ள யசோபூமியில், ஜனவரி 18 முதல் 21 வரை தனியே நடந்தது. கூட்டம் போகும் பக்கம் போனவன் விளம்பரத் தாள்களோடு திரும்புவான். உறுப்புக் கூடத்துக்குப் போய், இஞ்செக்டரை அறுத்து வைத்திருக்கும் மேசை முன் அரை மணி நேரம் நின்று கேள்வி கேட்டவன், தொழிலோடு திரும்புவான்.

தில்லிதான் வேண்டுமென்பதும் இல்லை. கடைசல், வெட்டு, பற்றவைப்பு இயந்திரங்களைப் பார்க்க விரும்பும் தோழர்களுக்குச் சென்னை நந்தம்பாக்கத்திலேயே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் 'ஆக்மி' இயந்திரக் கண்காட்சி இருக்கிறது. பேருந்துக் கட்டணத்தோடு செலவு முடியும். ஞாயிற்றுக்கிழமை போனால் கூலியும் போகாது.

நாற்பது பேர் அனுப்பும் ஒருவர்

அப்படியானால் நம் இளந்தோழர்? அவர் வண்டி வாங்கப் போகிறவரும் அல்ல, பட்டறைக்காரரும் அல்ல. வண்டியைச் செய்கிறவர்! "உன் ஆசையை மூட்டை கட்டி வை" என்று அவரிடம் சொல்ல நாம் தயாராக இல்லை. பிள்ளையின் பள்ளிப் பணத்தை எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்ல மாட்டோம்.

நாம் அவரிடம் சொன்ன வழி இதுதான். ஒரு பகுதியில் நாற்பது தோழர்கள் வேலை செய்கிறீர்கள். ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் 8,000. போன கூலியும் அதற்குள் அடக்கம். சீட்டுக் குலுக்கியோ, கூடிப் பேசியோ ஒருவரைத் தேர்ந்து அனுப்புங்கள். மாதம் 20 ரூபாய் என்றால், பத்து மாதத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்துவிடும். போகிறவர் நாற்பது பேரின் கண்ணாகப் போகட்டும். நம் கையில் போகும் உறுப்பு முழு வண்டியில் எங்கே உட்காருகிறது? பேட்டரி வண்டி பெருகினால் நம் பகுதி வேலை கூடுமா, குறையுமா? எந்தப் புதிய இயந்திரத்தை எப்போது கொண்டுவரப் போகிறார்கள்? அதைக் கற்க எங்கே போக வேண்டும்? இந்த நான்கு கேள்வியை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். திரும்பி வந்ததும், ஒரு ஞாயிறு மாலை நாற்பது பேரையும் அவர்கள் வீட்டாரையும் கூட்டி, கண்டதைச் சொல்லட்டும். 7,900 ரூபாய் ஒருவருக்கு வேடிக்கைச் செலவு. நாற்பது குடும்பத்துக்கு அது கல்விச் செலவு.

ஆலை நடத்துவோருக்கும் ஒரு சொல். மிலானுக்கும் தில்லிக்கும் வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி அனுப்புகிறீர்கள். அதைச் செய்தவன் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு ஒரு நாள் ஆலை வாசலிலேயே முழு வண்டியை நிறுத்திக் காட்ட என்ன செலவாகிவிடும்? மேடை வேண்டாம், பாட்டு வேண்டாம். "இந்த இடத்தில்தான் அப்பா வைத்த பற்றவைப்பு இருக்கிறது" என்று ஒரு தொழிலாளி தன் பிள்ளைக்கு விரலால் தொட்டுக் காட்ட ஒரு நாள் வேண்டும்.

நம் இளந்தோழர் எழுந்தார். "முதலில் வீட்டில் சொல்கிறேன் அண்ணே, பள்ளிப் பணத்தைத் தொடவில்லை என்று தெரிந்தால், முதல் 20 ரூபாயை அவளே கொடுப்பாள்" என்றார்.

கொடுப்பார், தோழர்களே! கணக்குத் தெரிந்தவர்கள் நல்ல செலவுக்குக் கை நீட்டத் தயங்குவதில்லை.