வீட்டுக்கு இணைய இணைப்பு: மலிவானது எது?

பாடசாலைத் தவணை தொடங்கும் காலங்களில் எமது கிராமங்களின் ஒழுங்கைகளுக்குள் வண்ணத் துண்டுப்பிரசுரங்களுடன் விற்பனை முகவர்கள் வந்து போவதை நாம் காண்கின்றோம். வேலியோரம் நின்றபடியே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, ஒரு கையொப்பமும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார்கள். அடுத்த கிழமை வீட்டில் ஒரு றவுட்டர் இருக்கின்றது. சில மாதங்களின் பின் அதே வீட்டில் நிலுவைக் கடிதம் ஒன்றும் இருக்கின்றது.

நீண்ட காலம் நலன்புரி நிலையத்தில் இருந்து, இப்போது உறவினரின் காணியில் கொட்டில் போட்டு வாழும் தாய் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். "சுவாமி, நூறு ஜிபி எண்டு சொல்லித்தான் தந்தவங்கள். மாசம் முடியிறதுக்கு முந்தியே பிள்ளையின்ர வகுப்பு நிண்டுபோகுது. ஆனா இன்னும் அறுபது ஜிபி கிடக்குதாம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கம்பனி சொன்னதிலும் பொய்யில்லை. அவருடைய பொதியில் 40 ஜிபி பகலுக்கும் 60 ஜிபி நள்ளிரவின் பின்னான சில மணித்தியாலங்களுக்கும் உரியது. பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்தில் அறுபது ஜிபி விழித்துக்கொண்டிருக்கின்றது. வெங்காயம் விற்ற காசில் கட்டணம் செலுத்தும் குடும்பம் அது. ஆகவே இந்த விடயத்தைச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையதென எண்ணினோம்.

முதலில் இரண்டு சொற்களை வேறுபடுத்தி விளங்கிக்கொள்ள வேண்டும். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பது வேறு, வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பது வேறு. ஜிபி என்பது குளத்து நீர். எம்பிபிஎஸ் என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருப்பது வாய்க்காலின் அகலம், அதாவது வேகம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகத்தைக் கம்பனிகள் பிற்றில் அளக்கின்றன. நாம் செலவழிக்கும் அளவைப் பைற்றில் அளக்கின்றன. 8 பிற் சேர்ந்ததே 1 பைற். எனவே 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி வந்து சேர ஏறக்குறைய 13 நிமிடங்கள் செல்லும். வாய்க்கால் அகலமானால் நீர் விரைவாக வரும், குளமும் விரைவாக வற்றும். "வேகம் கூடிய பொதி" என்றால் அது நெடுநாள் வரும் பொதி என்று பொருளல்ல.

இன்னொன்று. கோபுரத்திலிருந்து காற்றில் வரும் இணைப்பு ஒரு வீட்டுக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்ட வாய்க்கால் அல்ல. அதே கோபுரத்தின் கீழுள்ள எல்லா வீடுகளும் எல்லாக் கைத்தொலைபேசிகளும் அதனைப் பங்கிடுகின்றன. மாலை 7 மணிக்கு எல்லோரும் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்கு என்ன வந்து சேரும் என்பது கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, எமது வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? கம்பனிக்காரர் கேட்காத கேள்வி இது. இரண்டு பிள்ளைகள் கிழமைக்கு மூன்று மாலைகள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணித்தியாலம் படத்துடன் கூடிய வகுப்பில் இருந்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 40 மணித்தியாலம் வரும். மணித்தியாலத்திற்குச் சுமாராக 1 ஜிபி என்று கொள்வோம். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினருடன் முகம் பார்த்துப் பேசுவதற்கும், சந்தை விலை பார்ப்பதற்கும், வேறு சில்லறைத் தேவைகளுக்கும் 5 ஜிபி. மொத்தம் 45 ஜிபி. திரைப்படம் இதில் சேரவில்லை. உயர்ந்த தெளிவில் ஒரு படம் பார்த்தால் மணித்தியாலத்திற்கு 3 ஜிபி வரை போகும். படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தால் 1 ஜிபிக்குள் அடங்கும். இந்தச் சிறு வேலையைப் பிள்ளைகளே செய்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

இப்போது கணக்கிற்கு வருவோம். விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகளே இவை, எந்தக் கம்பனியின் விலையும் அல்ல. முதலாவது பொதி அந்தத் தாயினுடையது போன்றது: பகலுக்கு 40, இரவுக்கு 60 ஜிபி, விலை 1,500 ரூபா, வரி வேறு. இரண்டாவது பொதி எந்நேரமும் பாவிக்கக்கூடிய 60 ஜிபி, வரி உட்பட 1,900 ரூபா. பார்த்தவுடன் முதலாவதே மலிவு, அளவும் பெரிது. ஆனால் 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதைச் சேர்த்தாலே முதலாவது 1,770 ரூபாவாகின்றது. ஏனைய அறவீடுகள் இருப்பின் இன்னும் கூடும். பகலில் 40 ஜிபி மட்டுமே என்பதால் பயன்படும் ஒரு ஜிபி 44 ரூபாவுக்கு மேல் விழுகின்றது. இரண்டாவதில் அது 32 ரூபாவுக்கும் குறைவு. 45 ஜிபி தேவைப்படும் வீட்டில் முதலாவது பொதி 27ஆம் நாளளவில் தீர்ந்துவிடும். மிகுதி நாட்களுக்கான 5 ஜிபி 130 ரூபாவுக்குக் குறைவாகக் கிடைத்தாலன்றி இரண்டாவதே இலாபம். மேலதிகமாக வாங்கும் டேட்டாவின் விலையைக் கையொப்பமிட முன்னரே கேட்டுவிடுங்கள்.

ஆனால் 30 ஜிபி போதுமான வீட்டுக்கு முதலாவதே மலிவு. இரவு 60 ஜிபி வீணாகிப் போனால் போகட்டும். 8 அல்லது 10 ஜிபி போதுமான வீட்டுக்கு இந்த இரண்டுமே வேண்டாம் என்பது எமது கருத்து. வீட்டிலுள்ள கைத்தொலைபேசியில் ஒரு டேட்டா அட்டை போட்டு, அதிலிருந்தே மற்றத் தொலைபேசிக்கு வைபை கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் றவுட்டர் இருக்கிறதென்பதற்காக எமது வீட்டிலும் ஒன்று மினுங்க வேண்டியதில்லை.

மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. றவுட்டரின் விலை, இணைப்புக் கட்டணம், வைப்புப்பணம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். றவுட்டருக்கும் இணைப்புக்கும் 9,000 ரூபா போனால், இரண்டு வருடம் பாவித்தால் மாதத்திற்கு 375 ரூபா. எட்டு மாதத்தில் விட்டுவிட்டால் மாதத்திற்கு 1,125 ரூபா. றவுட்டர் "இலவசம்" என்றால், எத்தனை மாத உடன்படிக்கைக்கு இலவசம் என்று கேளுங்கள்.

இந்த உடன்படிக்கை விடயந்தான் எம்மக்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டது. சிலரது காணிகள் இன்னும் விடுபடவில்லை. நாளைக்கே காணி விடுபட்டால் நாளைக்கே கிடுகையும் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்படக் காத்திருப்பவர்கள், 24 மாதம் இதே இடத்தில் இருப்போம் என்று எப்படிக் கையொப்பமிட முடியும்? நாமும் இதில் பாடம் படித்தவர்களே. பிள்ளைகளின் மாலை வகுப்புக்கென வாடகைக் கட்டடம் ஒன்றுக்கு ஒரு கம்பனியிடம் இரண்டு வருட இணைப்பு எடுத்தோம். ஏழாம் மாதம் உரிமையாளர் கட்டடத்தைத் திருப்பிக் கேட்டார். புதிய இடத்துக்கு அந்தக் கம்பியை இழுக்க முடியாதென்றார்கள். மிகுதி மாதங்களுக்காக எம்மிடம் கேட்ட பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வருடக் கொப்பிகள் வாங்கியிருக்கலாம்.

ஆகவே இடம் நிலையில்லாதவர்கள் உடன்படிக்கையற்ற முற்கொடுப்பனவு இணைப்பையே பார்க்க வேண்டும். பணம் போட்டால் வேலை செய்யும், போடாவிட்டால் நிற்கும், கடன் ஏறாது. அதிலும் ஒரு கேள்வி உண்டு: றவுட்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கேயும் வேலை செய்யுமா, அல்லது பதிவு செய்த இடத்தோடு கட்டப்பட்டதா? முகவர் வாயால் சொல்வது போதாது. படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பிவழி இணைப்பாயின் விலாசத்திற்கு அத்தாட்சி கேட்பார்கள். பிறர் காணியில் இருப்பவர்கள் காணிக்காரரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது. சொந்தக் காணியில் நிலையாக இருப்பவர்களுக்கு, வாசலால் ஒளியிழைக் கம்பி போகுமாயின், அதுவே சிறந்தது. பழைய செப்புக் கம்பியைப் போல அது மின்னலைக் காவி வீட்டுக்குள் கொண்டுவராது. ஐப்பசி இடிமழையில் றவுட்டர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எதுவாயினும் மின்சாரச் செருகியைக் கழற்றி வைக்கத்தான் வேண்டும்.

எந்தக் கம்பனி நல்லது என்று பலரும் எம்மைக் கேட்கின்றார்கள். எஸ்.எல்.ரி.-மொபிட்டெல், டயலொக், ஹட்ச் ஆகியவையே பெரும்பாலும் எமது பகுதிகளில் உள்ளவை. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் என்னும் செய்மதி இணைப்பும் வந்தது. தொடக்கத்தில் அதன் கருவிக்கு மாத்திரம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கேட்டார்கள், எனவே அதைப் பற்றி இங்கு எழுதத் தேவையில்லை. மற்றவற்றுள் எது நல்லது என்பதை உங்கள் முற்றந்தான் சொல்ல வேண்டும். சந்தியில் நன்றாக வேலை செய்வது பனங்கூடலுக்கு அப்பால் வேலை செய்யாமல் விடலாம்.

இதைச் சோதிக்கச் செலவில்லை. அயலவரிடமோ உறவினரிடமோ உள்ள வெவ்வேறு கம்பனிகளின் கைத்தொலைபேசிகளை ஒரு மாலைக்கு இரவல் வாங்குங்கள். றவுட்டர் வைக்கப்போகும் அதே இடத்தில், மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், வேகம் பார்க்கும் செயலியை ஓடவிட்டு எண்ணை எழுதி வையுங்கள். மூன்று மாலைகள் செய்யுங்கள். ஒரு நாளாவது மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. காலை 10 மணிக்கு முகவர் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். தகரக் கூரையும் தகரச் சுவரும் சிக்னலை மறைக்கும் என்பதால் உள்ளே குறைவாகவும் முற்றத்தில் கூடுதலாகவும் இருந்தால், றவுட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலில் உயரமாக வைத்துப் பாருங்கள். கம்பனி மாறாமலே குறை தீர்ந்த வீடுகள் சிலவற்றை நாம் கண்டிருக்கின்றோம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது றவுட்டருக்கான சிறிய பற்றரியின் தேவையையும் பலர் உணர்ந்தார்கள். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்பனியை மாற்றத் தீர்மானித்தால், புதியது வேலை செய்யத் தொடங்கிய பின்னரே பழையதை நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தாமல் விட்டுவிடாதீர்கள். பிற்கொடுப்பனவு இணைப்பு, றவுட்டரை அலுமாரியில் பூட்டி வைத்தாலும் மாதாமாதம் கட்டணம் ஏற்றிக்கொண்டே இருக்கும். கிளைக்குச் சென்று எழுத்தில் கோரிக்கை கொடுத்து, திகதியிட்ட பிரதியொன்றை வாங்குங்கள். றவுட்டர் அவர்களுடையதாயின் அதனை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வைப்புப்பணம் மீளக் கிடைக்குமா என்றும் அப்போதே கேளுங்கள்.

பிணக்கு ஏற்படின் முதலில் கம்பனியிடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரும் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் செல்லலாம். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை 1996இல் திருத்தி அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது. தொலைபேசி இலக்கம் 1900. மேலே சொன்ன தாய், தமது படிவத்தின் பிரதியைத் தேடியபோது அது தம்மிடம் தரப்படவேயில்லை என்பது தெரியவந்தது. கம்பனிக் கிளைக்கு எழுதிப் பிரதியைப் பெற்றபோது, பகல், இரவு என்ற பிரிவு அதில் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. உடன்படிக்கை முடிய இன்னும் ஐந்து மாதம் இருப்பதால், மூத்த மகன் பாடப் பதிவுகளை இரவில் தானாக இறங்கும்படி ஒழுங்கு செய்து, பகலில் அவற்றைப் பார்க்கின்றான். ஐந்தாம் மாதம் கொடுக்க வேண்டிய கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கின்றார்கள்.