ரத்தத்துல செலினியம் குறைஞ்சா மாரடைப்பு வருமா?

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய்ல அடைப்பு. டெஸ்ட்ல செலினியம், துத்தநாகம் ரெண்டும் கம்மி. சத்து மாத்திரை கொடுத்தா அடைப்பு சரியாகுமா?"

இந்தச் சந்தேகம் சும்மா வரலை. 1982-ல் கிழக்கு பின்லாந்து மக்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியானது. ரத்தத்தில் லிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கும் குறைவாகச் செலினியம் இருந்தவர்கள் இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. அந்த நாட்டு மண்ணிலேயே செலினியம் கம்மி. அதனால 1980-களின் நடுவில் அரசே உரத்தில் செலினியத்தைக் கலக்க வைத்தது. மக்களோட ரத்தத்தில் அளவு ஏறுச்சு, மாரடைப்பு மரணங்களும் குறைஞ்சுது.

அப்போ செலினியம்தான் காரணமா? அவசரப்படாதீங்க. மரணங்கள் அதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சிருச்சு. 1972-லயே அங்கே வடக்கு கரேலியா திட்டம் தொடங்கி, வெண்ணெய், சிகரெட், ரத்த அழுத்தம் மூணையும் குறைக்க வேலை நடந்துச்சு.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, லாக்ல ரெண்டு விஷயம் சேர்ந்து தெரியுதுன்னா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அர்த்தமில்லை. ஏ/பி டெஸ்ட் வேணும். அதுவும் நடந்திருக்கு. 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'செலக்ட்' ஆய்வில் 35,000-க்கும் அதிகமான ஆண்கள் சேர்ந்தாங்க. சிலருக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம், சிலருக்கு வெற்று மாத்திரை. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காக நடந்த ஆய்வு, ஆனா இதய நோயையும் கணக்கெடுத்தாங்க. வித்தியாசம் எதுவுமில்லை. அவங்க ரத்தத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே போதுமான செலினியம் இருந்துச்சு என்பதையும் சொல்லணும்.

இன்னொரு சிக்கல்: உடம்பில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் துத்தநாகமும் செலினியமும் இறங்கும், செம்பு ஏறும். அதாவது ரிப்போர்ட்ல வர்ற குறைவு நோயோட காரணமா இல்லாம, விளைவாகவும் இருக்கலாம்.

மாத்திரை அதிகமானாலும் ஆபத்துதான். செலினியம் கூடினா முடி கொட்டும், நகம் உடையும். துத்தநாகத்தை அதிக அளவில் ரொம்ப நாள் எடுத்தா, செம்பு உடம்பில் சேராது. செம்பு வேணும்னா உங்க பக்கத்து முந்திரியே போதும். 28 கிராமில் சுமார் 0.6 மில்லிகிராம் இருக்கு.

அதனால நண்பரே, ரிப்போர்ட்டை அப்பாவோட டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் எழுதிக்கொடுத்த கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் நிறுத்திடாதீங்க. அடைப்பு விஷயத்துல அப்பாவைக் காப்பாத்தறது அதுதான்.