பெயர் வந்த வழி – 9: இல்லாத எழுத்தில் தொடங்கும் பெயர்

வெல்ஷ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது. கடன்சொற்களுக்காகப் பின்னாளில்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் வேல்ஸில் மிக அதிகமானவர்கள் தாங்கும் குடும்பப் பெயர் ஜோன்ஸ்!

'மகன்' என்று பொருள்படும் 'ஆப்' தந்தையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, ஆப் ஹவல் என்பது பவெல் ஆனதையும் ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஜோன்ஸ் பிறந்த வழி வேறு. அக்காலத்தில் வேல்ஸ்காரர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தந்தை பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-லும் 1540-களிலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமானது. நீளமான பெயரடுக்கு ஆங்கிலேய எழுத்தர்களுக்குச் சரிப்படவில்லை. ஒருவர் தம் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, பொறுமையிழந்த அதிகாரி, "வீட்டின் பெயரையே வைத்துக்கொள்" என்றாராம். மாஸ்டின் என்ற குடும்பப் பெயர் அப்படி வந்தது என்று சொல்வார்கள். வீட்டுக்குப் பெயர் வைக்கும் வசதியில்லாத எளிய மக்களுக்குத் தந்தை பெயரே நிலைத்தது. ஊரெல்லாம் 'ஷோன்'. ஆங்கிலப் பதிவேட்டில் அது ஜான். ஜானின் மகன் ஜோன்ஸ்.

ஒரே பெயரில் ஊர் நிறைந்தால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? ஊருக்குள் தொழிலைச் சேர்த்தார்கள்: பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ். ராணுவத்தில் எண்ணைச் சேர்த்தார்கள். 1879 ஜனவரி 22-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு நிலையத்தை ஜூலு வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஜூலு மக்களின் மண்ணைப் பறிக்கப் பிரிட்டன் தொடங்கிய போர் அது. அதை மறக்கக் கூடாது. தீப்பற்றிய மருத்துவமனைக்குள் ஓர் அறையில் ஏழு நோயாளிகள். கதவில் நின்றவர்கள் இரண்டு சிப்பாய்கள்: 593-ஆம் எண் வில்லியம் ஜோன்ஸ், 716-ஆம் எண் ராபர்ட் ஜோன்ஸ். ஆறு பேரை வெளியேற்றிவிட்டார்கள். ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்த ஏழாமவரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இருவருக்கும் விக்டோரியா சிலுவை என்ற வீர விருது கிடைத்தது.

இந்தப் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, உதறியவர்களும் உண்டு. பாடகர் டாம் ஜோன்ஸின் இயற்பெயர் தாமஸ் ஜான் உட்வார்டு. ஜோன்ஸ் அவருடைய தாய்வீட்டுப் பெயர். அமெரிக்கக் கடற்படையின் முதல் நாயகர்களில் ஒருவரான ஜான் பால் ஜோன்ஸ், ஸ்காட்லாந்தில் வெறும் ஜான் பாலாகப் பிறந்தவர். டேவிட் போவியோ பிறப்பால் டேவிட் ஜோன்ஸ். அதே பெயரில் இன்னொரு பாடகர் புகழ்பெற்றிருந்ததால் மாற்றிக்கொண்டார்.

என்னை ஈர்ப்பது இவர்கள் அல்ல. தங்கள் பெயரின் முதலெழுத்தே தாய்நாட்டு நெடுங்கணக்கில் இல்லாத இந்த ஜோன்ஸ்களில் சிலர், உலகத்துக்கு எழுத்துகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வாரத்தை அவர்களுக்காகவே ஒதுக்க நினைத்தேன்.

முதலாமவர் வில்லியம் ஜோன்ஸ். 1675-இல் ஆங்கிள்சி தீவில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் பெயர் ஷோன் ஷோர். அந்த ஷோன்தான் மகனுக்கு ஜோன்ஸ் ஆனது. பையனின் கணக்கு மூளையைக் கண்ட உள்ளூர் நிலக்கிழார் குடும்பம் கைகொடுக்க, லண்டனில் ஒரு வணிகரின் கணக்கு அறையில் வேலை கிடைத்தது. பிறகு கப்பலேறி, மாலுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1706-இல் மாணவர்களுக்காக ஒரு கணித நூல் எழுதினார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை அதுவரை ஒரு நீண்ட லத்தீன் வாக்கியத்தால் குறித்து வந்தார்கள். அந்த இடத்தில் ஜோன்ஸ் ஒற்றைக் கிரேக்க எழுத்தை வைத்தார்: பை. பின்னாளில் கணித மேதை ஆய்லர் கையாண்டதால் அது உலகமெங்கும் பரவியது. நம் பள்ளிக் கரும்பலகைகளில் இன்றும் எழுதப்படுவது அந்த ஆங்கிள்சிக்காரர் வைத்த எழுத்துதான்.

அவர் மகனும் வில்லியம் ஜோன்ஸ்தான். மூன்று வயது நிரம்பும் முன் தந்தையை இழந்தவர். 1783-இல் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியாக வந்திறங்கினார். அடுத்த ஆண்டு ஆசியக் கழகத்தைத் தொடங்கினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786 பிப்ரவரி 2-ஆம் தேதி அக்கழகத்தில் அறிவித்தார். மொழிகளுக்கும் குடும்பம் உண்டு என்ற அந்த எண்ணம் வேரூன்றிய பின்புதான், சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று காட்ட முடிந்தது. ஆசிய மொழிச் சொற்களை ரோமன் எழுத்தில் ஒழுங்காக எழுதும் முறையையும் ஜோன்ஸ் வகுத்தார். பிரெஞ்சு மன்னரிடம் அவரை அறிமுகப்படுத்திய தூதர், "இவருக்கு எல்லா மொழியும் தெரியும், தம்முடைய மொழியைத் தவிர" என்றாராம். வெல்ஷ் மொழியைத்தான் குறிப்பிட்டார். அது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. மகனுக்கு மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தந்தை உயிரோடு இல்லையே.

அடுத்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ். உயிரொலிகளை அளக்க ஓர் அளவுகோலே அமைத்தவர். 1919-இல் இலங்கையரான எச். எஸ். பெரேராவோடு சேர்ந்து பேச்சுச் சிங்களத்துக்கு ஒரு வாசிப்பு நூலும் வெளியிட்டார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் தாமஸ் ஜோன்ஸ். வேல்ஸின் நடுப்பகுதியில் 1810-இல் பிறந்த தச்சர் மகன். சமய ஊழியத்துக்குப் படித்தது பாலா என்ற சிற்றூரில். 1800-இல் மேரி ஜோன்ஸ் என்ற 15 வயது நெசவாளி மகள், பல ஆண்டுகள் சேர்த்த காசோடு, வெல்ஷ் விவிலியம் ஒன்று வாங்குவதற்காகச் சுமார் 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து போனதும் இதே பாலாவுக்குத்தான். தாய்மொழியில் படிக்க வேண்டும் என்ற அந்தத் தாகத்தை அறிந்த ஊரிலிருந்து கிளம்பிய தாமஸ், 1841 ஜூன் 22-ஆம் தேதி இன்றைய மேகாலயத்தில் உள்ள சிரபுஞ்சியை அடைந்தார்.

அங்கே பேசப்படுவது காசி மொழி. அதை வங்க எழுத்தில் எழுத முன்பு நடந்த முயற்சி மக்களிடம் ஒட்டவில்லை. தாமஸ் ஜோன்ஸ் ரோமன் எழுத்தைக் கொண்டுவந்தார். ஆனால் ஆங்கில முறைப்படி அல்ல, தம் வெல்ஷ் முறைப்படி. காசி அகரவரிசையில் இன்றும் அவர் கைரேகை தெரிகிறது. ஏ, பி என்று தொடங்கி அடுத்து வருவது சி அல்ல, கே. வெல்ஷ் மொழியில் 'சி'க்கு 'க' ஒலிதான். பின்னர் எழுத்தை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. 'ஜி'க்கு அடுத்து 'ங்' தனி எழுத்தாக நிற்கிறது, வெல்ஷில் நிற்பதுபோலவே.

அவர் வாழ்வு கசந்து முடிந்தது. 1845-இல் மனைவி ஆன் பிரசவத்தில் இறந்தார். மறுமணம் திருச்சபைக்குப் பிடிக்காமல் போய், பணியிலிருந்து நீக்கப்பட்டார். காசி மலையை ஆட்டிப்படைத்த பெருவணிகர் ஹாரி இங்கிலிஸை எதிர்த்துக் காசி மக்கள் பக்கம் நின்றதால் துரத்தப்பட்டார். 1849-இல் கல்கத்தாவில் மலேரியாவில் மடிந்தபோது வயது 39. ஸ்காட்டிஷ் கல்லறையில் அடக்கம். மொழி ஆய்ந்த ஜோன்ஸும் அதே நகரத்தில்தான், பார்க் தெருக் கல்லறையில் உறங்குகிறார். மேகாலய அரசு 2018-இல் ஜூன் 22-ஐத் தாமஸ் ஜோன்ஸ் நாளாக அறிவித்தது.

காசி அகரவரிசையில் 'ஜே' உண்டு. அந்த மொழியில் அது இல்லாமல் முடியாது. 'பாம்' என்றால் உண். முன்னால் 'ஜிங்' சேர்த்து 'ஜிங்பாம்' என்றால் உணவு. வினையைப் பெயராக்கும் முன்னொட்டே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

(தொடரும்)