மட்டமும் வாட்டமும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கவும் காயைக் கொட்டித் தரம் பிரிக்கவும் கட்டப்பட்ட கிடங்கு ஒன்று உணவகமாகவோ பயிற்சிக்கூடமாகவோ மாறும்போது, சுவருக்கும் கூரைக்கும் கிடைக்கும் கவனம் தளத்துக்குக் கிடைப்பதில்லை. மூட்டைக்கு இரண்டு அங்குல ஏற்ற இறக்கம் பொருட்டல்ல. நாற்காலி ஆடும்போதும் பதித்த ஓட்டின் விளிம்பு காலைத் தடுக்கும்போதும்தான் அது குறையாகிறது.

தளத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருப்பது மட்டம். தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே விடப்படும் சரிவு வாட்டம். மேடு பள்ளமின்றி வழவழப்பாக இருக்கும் தளமும் ஒருபுறம் சாய்ந்திருக்கக்கூடும் என்பதால், கண்ணை நம்பாமல் மட்டக்குழாயைக் கொண்டு அளக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற நெகிழிக் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் கணக்கு பொய்த்துவிடும். சுவரைச் சுற்றிலும் மூன்றடி உயரத்தில் மட்டக்கோடு போட்டு, அதே உயரத்தில் குறுக்கே நூல் கட்டி, ஐந்தடிக்கு ஓரிடமாக நூலிலிருந்து தளம்வரை அளந்து, அந்த எண்ணைச் சுண்ணக்கட்டியால் அங்கேயே எழுதிவிட்டால், பள்ளம் எங்கே என்பதைத் தளமே காட்டிவிடும்.

அதன் பிறகும் பள்ளத்தை நிரப்பச் சிமென்ட் கலவையை உடனே கொட்டலாகாது; அடிமண் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போடிமெட்டை நோக்கி ஏறும் சரிவுகளில் மனைக்காக மலைப்பக்கம் மண்ணை வெட்டி, அதையே பள்ளத்தாக்குப் பக்கம் கொட்டி மேடாக்கும்போது, வெட்டிய பகுதி உறுதியாக நிற்க, கொட்டிய மண் மழைதோறும் அமுங்கி, தளம் சரிவின் பக்கம் சாய்ந்து நடுவே விரிசல் விடக்கூடும். விரிசலின் குறுக்கே சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைத் தடவித் தேதி எழுதி ஒரு மழைக்காலம் காத்திருந்து, பூச்சும் வெடித்தால் மண் இன்னும் இறங்குகிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் மேலே போடும் கலவை சுமையைக் கூட்டுமே தவிர நோயைத் தீர்க்காது.

மாடித் தளத்தில் எடையே முதல் கேள்வி. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் போடும் சிமென்ட் கலவை ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 100 கிலோ. வீட்டு அறைகளின் பயன்பாட்டுச் சுமைக்கு இந்தியத் தர நிர்ணயம் 875 வகுத்திருப்பதோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். ஆகவே மாடியில் பள்ளத்தை நிரப்புவதைவிட மேட்டைத் தேய்த்துக் குறைப்பது நல்லது.

பழைய தளத்தைக் கொத்தி, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கி, நனைத்து, சிமென்ட் பால் தடவிய பிறகே புதுக் கலவை பிடிக்கும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த கனத்தில் போட்ட சாதாரணக் கலவை நாளடைவில் செதில் செதிலாகப் பெயரும். அத்தகைய மெல்லிய இடங்களுக்கு, நீர்த்த தோசை மாவைப்போலத் தானே பரவி மட்டமாகும் பாலிமர் கலந்த சிமென்ட் பொடி ஏற்றது. விலை அதிகம் என்பதால் அதை ஆழமான பள்ளத்தில் கொட்டுவது வீண்செலவு.

கழிவறையிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் மட்டம் வேண்டாம். மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் விட வேண்டும். கொத்தனாரிடம் கூலி பேசும் முன்பே தளத்தில் எழுதிய எண்களைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடிக் கணக்கில் மட்டும் பேசும் தொகையில் பள்ளத்தின் ஆழம் சேராது.