ஒரு சீட்டும் நான்கு நகரங்களும்

பெர்லின் மாநகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் முதன்முதலாகப் படியிறங்குகிற வெளியூர்க்காரர், வழிமறிக்கும் கம்பிக் கதவோ சீட்டை வாங்கிப் பார்க்கும் சிப்பந்தியோ இதோ எதிர்ப்படும் என்று எண்ணிக்கொண்டே நடந்து, ஒன்றும் எதிர்ப்படாமலே ரயில் வந்து நிற்கும் மேடைக்குப் போய்ச் சேர்ந்து, ஏதோ தவறு செய்துவிட்டவரைப்போலச் சுற்றுமுற்றும் பார்ப்பார். மேடையோரத்தில் சிறு பெட்டி ஒன்று நிற்கிறது. காகிதச் சீட்டின் நுனியை அதன் வாயில் செலுத்தினால் ‘டக்’கென்ற ஓசையோடு தேதியும் மணியும் அதில் பதிந்துவிடும். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பாமல் ஒரே திசையில் செல்லும் வரையில், சுரங்க ரயிலிலிருந்து மேல்ரயிலுக்கும், மேல்ரயிலிலிருந்து டிராமுக்கும், டிராமிலிருந்து பஸ்ஸுக்கும், நீரைக் கடக்கும் நகரப் படகுக்கும்கூட அந்த ஒரே சீட்டு செல்லும். எந்த வண்டி எந்த ஸ்தாபனத்துக்குச் சொந்தம் என்று பிரயாணி அறிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஐரோப்பாவின் பெரிய நகரங்களை ஒப்பிட முனைகிறவர்கள் சாதாரணமாக எத்தனை கிலோமீட்டர் சுரங்கம், எத்தனை நிலையங்கள், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்ற கணக்குகளிலேயே தொடங்குகிறார்கள். அந்தக் கணக்குகளுக்கும் பிரயோஜனம் உண்டு. ஆயினும், ஒரு நகரம் தன் ஜனங்களை எவ்வாறு மதிக்கிறது என்று அறிய விரும்புகிறவர், அந்தச் சின்னஞ்சிறு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் செல்லும் என்றும், ஊரின் கடைக்கோடியில் குடியிருப்பவர் அதற்கு என்ன கொடுக்கிறார் என்றும், கட்டணத்தில் விழும் துண்டை யார் ஈடுகட்டுகிறார்கள் என்றும் விசாரிப்பதே நேர்வழி என்பது என் அபிப்பிராயம்.

உலகத்தின் முதல் சுரங்க ரயில் லண்டனில் ஓடியது. 1863-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி, பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே, நீராவி எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு பூமிக்கடியில் ஜனங்களை ஏற்றிச் சென்றது. ஆழத்தில் குடைந்த குழாய்ச் சுரங்கத்தில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1890-இல். இவற்றைக் கட்டியவர்கள் லாபத்தை நாடிய தனித்தனிக் கம்பெனிக்காரர்கள். ஆகையால் வெகுகாலம் ஒருவர் பாதைக்கும் மற்றவர் பாதைக்கும் இசைவில்லாமல் இருந்து, 1933-இல் ஒரே பொது நிர்வாகம் ஏற்பட்ட பிறகே லண்டன் ஒரு நகரமாகப் பிரயாணம் செய்யத் தொடங்கியது எனலாம். அதே வருஷத்தில், ஹாரி பெக் என்ற வரைவாளர் தயாரித்த படம் வெளிவந்தது. பூமியின்மேல் உள்ள உண்மையான தூரத்தை அறவே ஒதுக்கிவிட்டு, குறுக்கு, நெடுக்கு, சாய்வு என்ற மூன்று விதக் கோடுகளாலேயே நகரத்தை எழுதிய அந்தப் படம், பல கம்பெனிகளின் பாதைகளை ஒரே குடும்பமாக ஜனங்களின் மனத்தில் பதித்தது. அதைப் பின்பற்றாத சுரங்க ரயில் படம் இன்று உலகில் அபூர்வம்.

இன்றைய லண்டன்வாசி பெரும்பாலும் சீட்டே வாங்குவதில்லை. நிலைய வாயிலில் உள்ள மஞ்சள் வட்டத்தின்மேல் தம்முடைய வங்கி அட்டையைத் தொட்டு உள்ளே செல்கிறார். இறங்குமிடத்தில் அவ்வாறே தொட்டு வெளியேறுகிறார். 2003-இல் ‘ஆய்ஸ்டர்’ என்ற அட்டையோடு தொடங்கிய இந்த முறை, 2014 முதல் சுரங்க ரயிலில் வங்கி அட்டைகளுக்கும் விரிந்தது. இதில் உள்ள விசேஷம் வேகம் மாத்திரம் அன்று. அன்றாடக் கட்டணங்களை இயந்திரமே கூட்டிக்கொண்டு வந்து, ஒரு வரம்பை எட்டியவுடன், அதற்குமேல் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. மாதச் சீட்டுக்கு மொத்தமாகப் பணம் எடுக்க முடியாத ஏழைக்கு இது பெரிய உபகாரம்.

எனினும் லண்டனின் ரயில் கட்டணம் மண்டலத்துக்கு மண்டலம் ஏறுகிறது. வாடகை குறைவென்று வெளி மண்டலத்துக்குச் சென்றவர் அந்த மிச்சத்தை ரயிலுக்குக் கொடுக்க நேரிடுகிறது. பஸ்ஸிலோ, எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம்; 2025-இல் அது 1 பவுன் 75 பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸில் ஏறினால் மறுபடி கட்டணம் இல்லை. ஆகவே விடியுமுன், அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப் போகிற தொழிலாளிகள், ரயிலில் அரைமணியில் முடிந்துவிடும் வழியைப் பஸ்ஸில் ஒரு மணிக்கு மேலாகக் கடந்து, கண்ணாடி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடியே செல்கிறார்கள். பணத்தை மிச்சப்படுத்த அவர்கள் கொடுப்பது தூக்கத்தை. தேம்ஸ் நதிக்குத் தெற்கே வசிப்பவர்களுக்கு வேறொரு குறை: நகரத்தின் சுமார் 270 சுரங்க ரயில் நிலையங்களில் அங்கே இருப்பவை முப்பதுக்குச் சற்று மேல்தான், மேல்ரயிலையும் பஸ்ஸையும் நம்பியே அவர்கள் காலம் தள்ளுகிறார்கள்.

லண்டன் தன் செலவில் பெரும்பகுதியைப் பிரயாணிகளின் கட்டணத்திலிருந்தே எடுத்து வந்தது. பகல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் மோட்டார்களுக்கு 2003-இல் விதித்த வரி துணைவருமானம் தந்ததேயன்றி, அடிப்படையை மாற்றவில்லை. 2020-இல் கொள்ளை நோய் வந்து ஜனங்கள் வீட்டோடு இருந்தபோது கல்லாப்பெட்டி காலியாகி, வண்டிகளை ஓட்டவே மத்திய அரசாங்கத்திடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. மருத்துவமனைத் தாதியும் கடைச் சிப்பந்தியும் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? வண்டி நிற்க முடியாத காலத்தில் வண்டியின் வருமானம் நின்றுபோகிற ஏற்பாடு உறுதியானதன்று.

இதைப் பாரிஸ் முன்பே உணர்ந்திருந்தது. 1971 முதல், அந்தப் பிரதேசத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தொகையின்மேல் போக்குவரத்துக்கென்றே ஒரு வரி செலுத்துகிறார்கள். அத்துடன் தொழிலாளியின் மாதச் சீட்டில் பாதியையும் அவர்களே கொடுத்தாக வேண்டும். காலையில் வேலையாட்களைத் தம் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது ரயில் என்பதால், அந்த ரயிலுக்கு அவர்களும் கடன்பட்டவர்கள் என்ற நியாயம் சட்டமாயிற்று.

ஆனால் பாரிஸ் நகரம் தன் புறநகரத்துக்கு நெடுங்காலம் ஓரவஞ்சனை செய்தது. 1900 ஜூலை 19-இல் முதல் மெட்ரோப் பாதை திறக்கப்பட்டது. ரயில் விபத்தொன்றில் இடக்கையை இழந்த ஃபுல்ஜான்ஸ் பியான்வெனு என்ற மகா நிபுணர் அதை நிர்மாணித்தார். அந்தச் சுரங்கங்கள் நாட்டின் பெரிய ரயில் வண்டிகள் நுழைய முடியாதபடி குறுகலாகவே கட்டப்பட்டன; பெரிய ரயில்கள் இடப்பக்கமாகச் செல்ல, மெட்ரோ வலப்பக்கமாகச் சென்றது. தங்கள் ரயில் தங்கள் நகரத்துக்கே உரியது, ரயில் கம்பெனிகள் அதில் தலையிடலாகாது என்ற நகரசபையின் பிடிவாதம் அப்படிக் கல்லிலும் இரும்பிலும் நிலைபெற்றது. நகரத்தை அந்நாளில் சூழ்ந்திருந்த கோட்டை மதில்களுக்குள் எங்கே நின்றாலும் சில நூறு மீட்டர் நடந்தால் ஒரு நிலையம் தென்பட்டுவிடும். மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் அந்தப் பிடிவாதத்தின் விலையைக் கொடுத்தார்கள். 1977-இல்தான் புறநகர் ரயில்கள் நகரத்தின் அடிவயிற்றில், ஷாத்லே-லே-ஆல் என்ற பிரம்மாண்டமான நிலையத்தில், ஒன்றோடொன்று சந்தித்தன.

பாரிஸின் வடபகுதியில் லா ஷாப்பெல் என்று ஒரு நிலையம் உண்டு. இரண்டாம் பாதையின் வண்டி அங்கே தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின்மேல் ஓடுகிறது. படியிறங்கி வெளியே வந்தால் மல்லிகையும் முருங்கைக்காயும் விற்கும் கடைகள், தமிழெழுத்துப் பலகைகள், ஈழத்தமிழரின் குரல்கள். அந்த நிலையத்திலிருந்து ஒரு நீண்ட சுரங்க நடைவழி கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையத்துக்குச் செல்கிறது. தமிழர்களின் கடைகள் அங்கே செழித்ததற்கு அந்தச் சந்திப்பும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாடகை குறைந்த வடக்குப் புறநகர்களில் குடியிருப்பவர் வெவ்வேறு ரயில்களில் வந்து, அங்கே இறங்கி, வாரத்துக்கு வேண்டிய அரிசியும் மசாலையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

அப்படி வந்துபோகிறவர்களுக்கு 2015 ஒரு மறக்க முடியாத வருஷம். அதுவரையில் தூரத்து மண்டலங்களில் வசிப்பவர் மாதச் சீட்டுக்கு அதிகமாகக் கொடுத்து வந்தார். அவ்வருஷம் செப்டம்பரில், பிரதேசம் முழுவதற்கும் ஒரே விலை என்று ஆயிற்று. நோத்ரு தாம் கோயிலருகில் வசிக்கும் செல்வருக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் தச்சருக்கும் ஒரே சீட்டு, ஒரே விலை. 2025 முதல் தனிச்சீட்டும் அவ்வாறே ஆகியது: அவ்வருஷம் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் 2.50 யூரோ, பஸ்ஸுக்கும் டிராமுக்கும் 2 யூரோ என்றிருந்தது. ஆயின் மெட்ரோவிலிருந்து இறங்கிப் பஸ்ஸில் ஏறினால் வேறு சீட்டு வாங்க வேண்டியிருப்பது, இத்தனை நல்ல ஏற்பாட்டில் ஒரு தையல் விட்டுப்போனதாகவே படுகிறது. பழைய மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இல்லாமல், சக்கர நாற்காலியில் வருபவர் வாசலோடு நின்றுவிட வேண்டியிருப்பதும் அவ்வாறே மனத்தை வருத்துகிறது.

பாரிஸ் இப்போது தன் பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடுவதுபோல, நகரத்தைச் சுற்றிப் புறநகரையும் புறநகரையும் நேரே இணைக்கும் 200 கிலோமீட்டர்ப் புதிய பாதைகளையும் 68 நிலையங்களையும் நிர்மாணித்து வருகிறது. அவற்றுள் ஒன்று கிளிஷி-சு-புவாவில் அமைகிறது. நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த ஊருக்கு ரயில் நிலையமே இல்லை, டிராம்கூட 2019-இல்தான் வந்தது. 2005-இல் பிரான்ஸ் முழுவதும் பரவிய இளைஞர் கலகம் மூண்ட ஊர் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெர்லினில் சீட்டின் கதை அரசியலின் கதை. 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தபோது, மேற்கிலிருந்து புறப்பட்டுக் கிழக்கின் அடியில் புகுந்து மறுபடி மேற்கில் வெளிப்பட்ட சில பாதைகள் இருந்தன. மேற்கு வண்டிகள் அந்தக் கிழக்கு நிலையங்களில் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் கடந்தன. மங்கிய விளக்கொளியில், ஆளற்ற மேடையில், துப்பாக்கி ஏந்திய காவலாளியின் உருவம் ஜன்னலுக்கு வெளியே நழுவிச் செல்லும். அவற்றைப் பேய் நிலையங்கள் என்று ஜனங்கள் அழைத்தார்கள். மேல்ரயிலை நடத்தியது கிழக்கு நிர்வாகம் என்பதால், மேற்கு பெர்லின்வாசிகள் அதில் ஏறுவதையே பகிஷ்கரித்தார்கள். மேற்கில் டிராம்களை 1967-க்குள் எடுத்துவிட்டார்கள். கிழக்கில் அவை தங்கிவிட்டன. 1989 நவம்பர் 9-இல் சுவர் திறந்தது. இரண்டே நாளில் யானோவிட்ஸ்பிரூக்கே என்ற பேய் நிலையத்தில் வண்டி நின்றது. ஆனால் நகரத்தைச் சுற்றிவரும் 37 கிலோமீட்டர் வளையப்பாதை மறுபடி முழுமையடைய 2002 ஆயிற்று. அந்த வளையத்தில் இன்று ஒரு சுற்று வருபவர் ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறார்.

கதவில்லாத நிலையம் நம்பிக்கையின் அடையாளம் என்று முதலில் சொன்னால் போதும் என்றிருந்தேன். அதற்கு மறுபக்கமும் உண்டு. சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் சீட்டின்றிப் பிடிபட்டால் 60 யூரோ. மீண்டும் மீண்டும் பிடிபட்டு அபராதமும் கட்ட வழியில்லாத பரம ஏழைகள் சிறைக்கே செல்கிறார்கள். 2022 கோடையில் மூன்று மாதம், ஜெர்மனி முழுவதும் எல்லா உள்ளூர் வண்டிகளுக்கும் மாதம் 9 யூரோ என்று அறிவித்தபோது, 5 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. அவ்வளவு பேர் அவ்வளவு காலம் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது அதில் பிரத்தியட்சமாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் அதற்குப் பதிலாக வந்த மாதச் சீட்டு 49 யூரோ, 2025-இல் 58. நாடு முழுவதும் செல்லும் ஒரே சீட்டு என்ற வகையில் அது பெரிய சாதனை. ஆனால் கட்டணத்தில் விழும் துண்டில் மத்திய அரசு ஏற்பது எவ்வளவு, மாகாணங்கள் ஏற்பது எவ்வளவு என்ற வழக்கு ஆண்டுதோறும் எழ, விலை நிலையில்லாமல் ஏறுகிறது.

வியன்னாவை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது சிறியது என்பதன்று. சுரங்க ரயில் அங்கே மிகத் தாமதமாக, 1978-இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஓட்டோ வாக்னர் என்ற கட்டிடக் கலைஞர் கட்டி, 1898 முதல் திறக்கப்பட்ட பச்சை இரும்பு நிலையங்களும் டிராம்களும் இருந்தன. ஆனால் பணத்துக்கு முன்கூட்டியே வழி செய்தார்கள். 1970 முதல் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரக்கணக்கில் ஒரு சிறு தொகை சுரங்க ரயிலுக்கென்று செலுத்துகிறார். தெருவில் மோட்டாரை நிறுத்துவதற்கான கட்டணம் 1993-இல் நகர மையம் முழுவதற்கும் என்றாகி, 2022-இல் ஏறக்குறைய ஊர் முழுவதும் பரவியது. இந்த இரு ஊற்றுகளும் இருந்ததால், 2012 மே மாதம் வருஷச் சீட்டின் விலையை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாக, அதாவது நாளொன்றுக்கு ஒரே யூரோவாகக் குறைத்து, பதின்மூன்று வருஷங்களுக்கு மேல் அசையாமல் நிறுத்த முடிந்தது. 2026-இன் தொடக்கத்தில் அது 460-க்கு மேல் ஏறியபோது ஜனங்கள் மனம் வருந்தினார்கள். ஆனால் அதற்குள் ஊரில் பதிவான மோட்டார்களைவிட வருஷச் சீட்டுகள் அதிகமாகிவிட்டிருந்தன.

அந்நகரத்து டிராமில் ஒரு காட்சி. வண்டியின் தளம் தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரந்தான். நடைபாதைக் கல்லிலிருந்து நேரே காலை வைத்துவிடலாம். சக்கரங்கள் பொருத்திய நடைத்துணையைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு கிழவியார், எவர் கையையும் பிடிக்காமல், அதன் முன்சக்கரத்தை முதலில் ஏற்றி, பிறகு தாம் ஏறி, கதவருகே உட்கார்ந்துகொள்கிறார். சீட்டை எடுத்துக் காட்டவில்லை; பையில் எங்கோ வருஷம் முழுவதும் அது கிடக்கிறது.

நகரத்தின் கிழக்கே ஆஸ்பர்ன் என்ற இடத்தில் பழைய விமானத்தளம் ஒன்று இருந்தது. அங்கே ஏரியொன்றை வெட்டி, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கானோருக்கு வீடு கட்டத் திட்டமிட்டபோது, வீடுகள் வந்த பிறகு ரயில் என்ற வழக்கமான கிரமத்தை நகரசபை தலைகீழாக்கியது. 2013 அக்டோபரில் சுரங்க ரயிலின் இரண்டாம் பாதை, தூண்களின்மேல் ஏறி, அங்கே சென்று நின்றது. முதல் குடும்பங்கள் குடிவந்தது அடுத்த வருஷத்தில். இடைப்பட்ட அந்த மாதங்களில், விளக்கேற்றிய வண்டி பாரந்தூக்கிகளுக்கும் வெறும் மண்மேடுகளுக்கும் நடுவே சில நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து நின்று, கதவைத் திறந்து, சற்று நேரம் பொறுத்திருந்து, கதவை மூடிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.