அணு அடுப்பின் சாம்பல்: குப்பையா, புதையலா?

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அதைக் கொண்டு பாத்திரம் துலக்குவாரும் உண்டு. குப்பையில் கொட்டுவாரும் உண்டு.

அணு உலையில் எரிவது யுரேனியம். அதிலும் மிச்சம் உண்டு. அதை என்ன செய்வது? இதில்தான் உலக நாடுகள் இரண்டு கட்சியாக நிற்கின்றன!

சுரங்கத்து யுரேனியம் 1,000 கிலோ இருந்தால், அதில் எளிதில் பிளந்து சூடு தருவது 7 கிலோதான். மற்றதில் ஒரு சிறு பங்கு, உலையில் இருக்கும்போதே புளூட்டோனியமாக மாறிவிடுகிறது. அதையும் எரிக்கலாம். அணுகுண்டும் செய்யலாம்!

புதைக்கும் கட்சி

குண்டுக்குப் பயந்துதான், 1977-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் தொழிலை நிறுத்திவைத்தார். பின்லாந்து நாடு மிச்சத்தை அப்படியே புதைக்க, 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறது.

எரிக்கும் கட்சி

பிரான்ஸ் பிரித்தெடுத்து மறுபடியும் எரிக்கிறது. இந்தியாவும் இந்தக் கட்சிதான்.

காரணம் என்ன? நம் நாட்டில் யுரேனியம் குறைவு. தோரியமோ ஏராளம்! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலேயே இருக்கிறது.

ஆனால் தோரியம் ஈர விறகு மாதிரி. தானாகப் பற்றாது. பக்கத்தில் புளூட்டோனியம் எரிந்தால், தோரியம் புதுவகை யுரேனியமாக மாறும். பிறகு அது எரியும். ஹோமி பாபா 1954-ல் வகுத்த வழி இது. கல்பாக்கத்தில் 'காமினி' என்ற குட்டி உலை 1996-ல் இந்தப் புது யுரேனியத்தில்தான் இயங்கத் தொடங்கியது.

அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் பெரிய உலையைக் கட்டத் தொடங்கியது 2004-ல். அதன் நடுப்பகுதியை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். இடையில் இருபது ஆண்டுகள்!

சீறும் சோடியம்

ஏன் இவ்வளவு காலம்? வேலை லேசானதல்ல. இந்த உலையின் சூட்டைச் சுமந்து செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் ஒழுகித் தீப்பிடித்தது. அணுக்கதிர் வெளியேறவில்லை. ஆனால் மக்களின் நம்பிக்கை போயிற்று. 2016-ல் உலையையே மூடிவிட முடிவு செய்தார்கள்.

யுரேனியம் குறைந்த நாடு, மிச்சத்தை வீசியெறியத் தயங்குவது நியாயந்தான். அதற்காக, பிரித்தெடுத்தால் குப்பையே இராது என்று எண்ணிவிடக் கூடாது. கொடிய கதிர்வீச்சுள்ள கழிவு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலங்களில் அடைத்துக் காவல் காக்கிறார்கள். நிரந்தரமாகப் புதைக்கும் இடம் இந்தியாவில் இன்னும் அமையவில்லை.